தசமப் பெருக்கலிலும் வகுத்தலிலும் புள்ளியை எங்கே வைப்பது?

47-ஐ 36-ஆல் பெருக்கத் தெரிந்தவருக்கு 4.7-ஐ 3.6-ஆல் பெருக்குவதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும். இரண்டிலும் கிடைக்கும் இலக்கங்கள் 1692 தான். தடுமாற்றம் அதற்குப் பிறகுதான் வருகிறது. விடை 1.692-ஆ, 16.92-ஆ, 169.2-ஆ? புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் விடை பத்து மடங்கு பிசகிவிடும். ஈரிடம் தள்ளினால் நூறு மடங்கு.

பலரும் இங்கே இரண்டு விதிகளை மனப்பாடம் செய்து, சில மாதங்களில் ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக்கொள்கிறார்கள். பெருக்கலில் கடைசியில் இடங்களை எண்ணிப் புள்ளி வைக்க வேண்டும். வகுத்தலில் தொடக்கத்திலேயே புள்ளியை நகர்த்திவிட்டு, பிறகு விடையில் அதைத் திருப்பி நகர்த்தாமல் விட்டுவிட வேண்டும். ஒன்றில் திருப்பி வைக்கிறோம், மற்றதில் வைப்பதில்லை. இந்த வேறுபாட்டின் காரணம் புரிந்துவிட்டால் விதிகள் தாமாகவே நினைவில் நிற்கும். அதனால் ஒவ்வொரு படியோடும் அதன் காரணத்தையும் சேர்த்தே தருகிறோம்.

முதலில் புள்ளியைப் பற்றி

தசமப் புள்ளி, ஒன்றுகளின் இடம் எது என்று காட்டும் அடையாளம். புள்ளிக்கு உடனே இடப்பக்கம் இருப்பது ஒன்றுகள். அதற்கும் இடப்பக்கம் பத்துகள், நூறுகள். புள்ளிக்கு வலப்பக்கம் முதலில் பத்தில் ஒன்றுகள், அடுத்து நூறில் ஒன்றுகள், அதற்கடுத்து ஆயிரத்தில் ஒன்றுகள். 3.04 என்றால் மூன்று ஒன்றுகள், பத்தில் ஒன்று எதுவும் இல்லை, நான்கு நூறில் ஒன்றுகள்.

புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கையைத் தசம இடங்கள் என்கிறோம். 4.7-க்கு ஓர் இடம், 3.04-க்கு இரண்டு, 0.0068-க்கு நான்கு. பூஜ்ஜியங்களும் எண்ணிக்கையில் சேரும். முழு எண்ணுக்குப் புள்ளி கண்ணில் படாது. ஆனால் அது கடைசி இலக்கத்துக்கு வலப்பக்கம் இருக்கிறது. 6 என்பதும் 6.0 என்பதும் 6.000 என்பதும் ஒரே மதிப்பு.

வாய்விட்டுப் படிக்கும்போது ஒரு கவனம் தேவை. 2.15-ஐ ‘இரண்டு புள்ளி ஒன்று ஐந்து’ என்று படியுங்கள். ‘இரண்டு புள்ளி பதினைந்து’ என்று படித்துப் பழகியவர்களுக்கு அது 2.9-ஐ விடப் பெரிது போலத் தோன்றும். பதினைந்து ஒன்பதை விடப் பெரியது அல்லவா? உண்மையில் 2.9 தான் பெரியது. விடையின் அளவைச் சோதிக்கும்போது இந்தப் பிழை மறைந்திருந்து கெடுக்கும்.

இன்னொரு பழக்கம்: ஒன்றை விடச் சிறிய எண்ணை .5 என்று எழுதாமல் 0.5 என்றே எழுதுங்கள். முன்னால் பூஜ்ஜியம் இல்லாத புள்ளி எளிதில் கண்ணுக்குத் தப்பும்; .5 என்பது 5 ஆகிவிடும். மருந்தளவு எழுதுவதில் இது கண்டிப்பான பாதுகாப்பு நெறியாகவே சொல்லப்படுகிறது: 0.5 என்று பூஜ்ஜியத்தோடு எழுத வேண்டும், 5 என்பதை 5.0 என்று எழுதக் கூடாது. புள்ளி மங்கினால் .5 என்பது 5 ஆகவும் 5.0 என்பது 50 ஆகவும் படிக்கப்படும். இரண்டுமே பத்து மடங்கு மருந்து.

பத்து, நூறு, ஆயிரம்

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். 10-ஆல் பெருக்கினால் ஒவ்வோர் இலக்கமும் ஓரிடம் பெரிய மதிப்புக்கு ஏறுகிறது; எழுத்தில் பார்த்தால் புள்ளி ஓரிடம் வலப்பக்கம் போகிறது. 10-ஆல் வகுத்தால் ஓரிடம் இடப்பக்கம் வருகிறது. 100 என்றால் ஈரிடம், 1000 என்றால் மூவிடம்.

3.7 × 10 = 37
3.7 × 100 = 370
3.7 ÷ 10 = 0.37
3.7 ÷ 100 = 0.037

இலக்கம் தீர்ந்துபோன பக்கத்தில் பூஜ்ஜியம் போட்டு இடத்தை நிரப்ப வேண்டும். 3.7-ஐ 100-ஆல் பெருக்கும்போது வலப்பக்கம் ஒரு பூஜ்ஜியம், 100-ஆல் வகுக்கும்போது புள்ளிக்கும் 3-க்கும் நடுவே ஒரு பூஜ்ஜியம்.

தொடக்க வகுப்பில் ‘பத்தால் பெருக்க ஒரு பூஜ்ஜியம் சேர்’ என்று படித்திருப்போம். முழு எண்ணுக்கு அது சரி. தசமத்துக்கு அதைக் கொண்டுவந்தால் 3.7 × 10 = 3.70 என்றாகும்; அது பழைய 3.7 தான். இந்தக் குறுக்குவழியை இங்கே மறந்துவிடுங்கள்.

0.1-ஆல் பெருக்குவது 10-ஆல் வகுப்பதற்குச் சமம், 0.1-ஆல் வகுப்பது 10-ஆல் பெருக்குவதற்குச் சமம். 8.2 × 0.1 = 0.82. 8.2 ÷ 0.1 = 82.

பெருக்கல்

4.7 × 3.6-ஐ எடுத்துக்கொள்வோம்.

1. விடை ஏறக்குறைய எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 4.7 கிட்டத்தட்ட 5, 3.6 கிட்டத்தட்ட 4. ஆகவே விடை 20-க்கு அருகில் இருக்க வேண்டும். இதை ஓரத்தில் எழுதி வையுங்கள்.

2. புள்ளிகளை மறந்துவிட்டு 47 × 36 என்று பெருக்குங்கள். 47 × 6 = 282; 47 × 30 = 1410; கூட்டினால் 1692.

3. இரண்டு எண்களிலும் உள்ள தசம இடங்களைக் கூட்டுங்கள். 4.7-க்கு ஒன்று, 3.6-க்கு ஒன்று, மொத்தம் இரண்டு.

4. 1692-இன் வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக இரண்டு இலக்கங்களை எண்ணிப் புள்ளி வையுங்கள்: 16.92.

5. ஓரத்தில் எழுதிய 20-உடன் ஒப்பிடுங்கள். 16.92 அதற்கு அருகில் இருக்கிறது. 1.692-உம் 169.2-உம் தொலைவில் நிற்கின்றன.

இடங்களை ஏன் கூட்டுகிறோம்? 4.7-ஐ 47 ஆக்கியபோது அதை 10 மடங்காக்கினோம். 3.6-ஐ 36 ஆக்கியபோது அதையும் 10 மடங்காக்கினோம். ஆகவே 1692 என்பது உண்மையான விடையைப் போல 10 × 10, அதாவது 100 மடங்கு. கூட்டிய மடங்கை நாம்தான் திரும்பக் குறைக்க வேண்டும். 100-ஆல் வகுத்தால் புள்ளி ஈரிடம் இடப்பக்கம் வருகிறது. இடங்களை எண்ணுவது எத்தனை பத்துகளைக் கடன் வாங்கினோம் என்ற கணக்கு. விடையில் புள்ளி வைப்பது அந்தக் கடனைத் தீர்ப்பது.

படமாகப் பார்க்க வேண்டுமானால், பக்கம் 1 அலகு உள்ள ஒரு சதுரத்தை நெடுக்கில் பத்தாகவும் குறுக்கில் பத்தாகவும் கோடு போட்டுப் பிரியுங்கள். 100 கட்டங்கள் வரும், ஒவ்வொன்றும் 0.01. அதில் 0.3 அகலமும் 0.2 உயரமும் கொண்ட துண்டுக்குள் 3 × 2 = 6 கட்டங்கள் இருக்கும். ஆகவே 0.3 × 0.2 = 0.06. இதற்கு 0.6 என்று விடை எழுதுவோர் மிகப் பலர். 0.6 என்றால் 60 கட்டங்கள், சதுரத்தின் பாதிக்கும் மேல். மூலையில் உள்ள அந்தச் சிறிய துண்டு அவ்வளவு இடத்தை அடைக்க வழியே இல்லை.

நம் பழைய பின்னப் பெயர்களிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. கால் என்பது 0.25. அதில் அரை எடுத்தால் அரைக்கால். 0.5 × 0.25-ஐப் பெருக்கிப் பாருங்கள்: 5 × 25 = 125, இடங்கள் மூன்று, விடை 0.125. அதாவது எட்டில் ஒன்று. ஒன்றை விடச் சிறிய எண்ணால் பெருக்குவது என்றால் ‘அதில் இவ்வளவு பங்கு எடு’ என்று பொருள். எடுத்த பங்கு மூலத்தை விடச் சிறியதாகத்தான் இருக்கும். ‘பெருக்கல்’ என்ற சொல் பெருகும் என்ற எண்ணத்தைத் தருவதால், விடை குறைவதைக் கண்டு பலர் சரியான விடையையே அடித்துவிடுகிறார்கள்.

இலக்கங்கள் போதாதபோது

0.04 × 0.3-ஐப் பெருக்கினால் 4 × 3 = 12. தசம இடங்கள் 2 + 1 = 3. ஆனால் 12-இல் இரண்டு இலக்கங்கள்தான் இருக்கின்றன. மூன்றாவது இடத்துக்கு இடப்பக்கம் ஒரு பூஜ்ஜியம் போடுங்கள்: 012. அதன் முன் புள்ளி, அதற்கும் முன் ஒன்றுகள் இடத்துப் பூஜ்ஜியம்: 0.012.

பூஜ்ஜியத்தை இடப்பக்கம்தான் சேர்க்க வேண்டும். வலப்பக்கம் சேர்த்து 0.120 என்று எழுதினால் பத்து மடங்கு பிசகு.

மிகச் சிறிய எண்களிலும் முறை இதுவே. 0.0068 × 0.52: 68 × 52 = 3536; இடங்கள் 4 + 2 = 6; ஆறு இலக்கம் வேண்டும் என்பதால் 003536; விடை 0.003536. மதிப்பிட்டுப் பார்க்க 0.52-ஐப் பாதி என்று கொள்ளுங்கள். 0.0068-இல் பாதி 0.0034. பொருந்துகிறது.

கடைசியில் பூஜ்ஜியம் வரும்போது

புதியவர்களை அதிகம் ஏமாற்றும் இடம் இது. 2.5 × 0.48-ஐப் பாருங்கள். 25 × 48 = 1200. இடங்கள் 1 + 2 = 3. எண்ணி வைத்தால் 1.200, சுருக்கினால் 1.2.

சிலர் 1200-ஐப் பார்த்ததும் ‘கடைசிப் பூஜ்ஜியங்களுக்கு மதிப்பில்லை’ என்று அவற்றை நீக்கிவிட்டு, 12-இல் மூன்று இடம் எண்ணி 0.012 என்று எழுதுகிறார்கள். புள்ளி வைக்கும் முன் 1200 ஒரு முழு எண். அங்கே இரண்டு பூஜ்ஜியங்களும் பத்து, ஒன்று இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதலில் எண்ணிப் புள்ளி வையுங்கள், பிறகு வேண்டுமானால் கடைசிப் பூஜ்ஜியத்தை நீக்குங்கள். வரிசை மாறக் கூடாது.

5-உம் இரட்டைப்படை எண்ணும் சந்திக்கும் பெருக்கல்களில் இது அடிக்கடி வரும். 0.125 × 0.8 செய்தால் 125 × 8 = 1000, இடங்கள் நான்கு, 0.1000, அதாவது 0.1. ‘நான்கு இடம் வர வேண்டுமே, ஓரிடம்தானே இருக்கிறது’ என்று கலங்க வேண்டாம். நான்கும் வந்தன, மூன்று பூஜ்ஜியமாக இருந்ததால் எழுதவில்லை.

எண்ணுக்கு உள்ளே பூஜ்ஜியம் இருந்தாலும் கவனம். 20.6 × 0.305-இல் 206 × 305 = 62830. இடங்கள் 1 + 3 = 4. விடை 6.2830, அதாவது 6.283. மதிப்பீடு 20 × 0.3 = 6.

புள்ளிகளை நேர்க்கோட்டில் வைக்க வேண்டுமா?

கூட்டலிலும் கழித்தலிலும் புள்ளிக்குக் கீழ் புள்ளி வர வேண்டும். ஒரே மதிப்புள்ள இடங்களைத்தான் சேர்க்க முடியும். பெருக்கலில் அந்தத் தேவை இல்லை. எண்களை வலக்கோடி ஒன்றின் கீழ் ஒன்று வரும்படி, முழு எண்களைப் போலவே எழுதுங்கள். கூட்டல் பழக்கத்தில் 12.5-ஐயும் 3.24-ஐயும் புள்ளி நேராக எழுதி, அந்தப் புள்ளியை அப்படியே விடைக்கு இறக்குபவர்களுக்கு 125 × 324 = 40500 என்பது 405.00 ஆகிவிடுகிறது. உண்மையான விடை மூன்று இடங்கள் எண்ணிய 40.500, அதாவது 40.5. மதிப்பீடு 12 × 3 = 36 என்பதைப் பார்த்திருந்தாலே 405 நிற்காது.

மூன்று எண்களைப் பெருக்கினால் மூன்றின் இடங்களையும் கூட்டுங்கள். 0.5 × 0.2 × 0.3: 5 × 2 × 3 = 30, இடங்கள் மூன்று, 0.030, அதாவது 0.03. வர்க்கத்துக்கும் அதுவே: 0.3-இன் வர்க்கம் 0.09, இடங்கள் இரட்டிப்பாகும்.

இடங்களைக் கூட்டும் இந்த முறை பழையது. 1585-இல் பிளெமியக் கணித அறிஞர் சைமன் ஸ்டீவின் தசமங்களைப் பற்றி வெளியிட்ட சிறு நூலில் புள்ளி கிடையாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 0, 1, 2 என்று அந்த இலக்கம் எத்தனையாவது தசம இடம் என்பதைக் குறித்தார். பெருக்கும்போது இரு எண்களின் கடைசி வட்டங்களில் உள்ள எண்களைக் கூட்டினால், விடையின் கடைசி இலக்கத்துக்கான வட்ட எண் கிடைக்கும் என்று காட்டினார். அவர் எடுத்த கணக்கு இன்றைய எழுத்தில் 32.57 × 89.46 = 2913.7122. இரண்டும் இரண்டும் நான்கு. கையால் ஒருமுறை செய்து பாருங்கள், நல்ல பயிற்சி.

வகுத்தல்: வகுக்கும் எண் முழு எண்ணாக இருந்தால்

15.84 ÷ 6-இல் 15.84 வகுபடும் எண், 6 வகுக்கும் எண், விடை ஈவு. வகுக்கும் எண் முழு எண்ணாக இருந்தால் எதையும் நகர்த்த வேண்டியதில்லை. வழக்கமான நீள்வகுத்தலை எழுதுங்கள். வகுபடும் எண்ணின் புள்ளிக்கு நேர் மேலே, ஈவு எழுதும் கோட்டின் மீது, வகுக்கத் தொடங்கும் முன்பே புள்ளியை வைத்துவிடுங்கள். பிறகு 15-இல் 6 இரண்டு முறை, மீதி 3. 8-ஐ இறக்கினால் 38, ஆறு முறை, மீதி 2. 4-ஐ இறக்கினால் 24, நான்கு முறை. ஈவு 2.64.

நேர் மேலே வைப்பதற்குக் காரணம் எளியது. 15 ஒன்றுகளைப் பகிர்ந்தால் கிடைப்பது ஒன்றுகள். மீதி 3 ஒன்றுகளும் 8 பத்தில் ஒன்றுகளும் சேர்ந்து 38 பத்தில் ஒன்றுகள். அவற்றைப் பகிர்ந்தால் கிடைப்பது பத்தில் ஒன்றுகள். ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்திலேயே மேலே ஏறுகிறது. அதனால்தான் ஈவின் இலக்கத்தை, கடைசியாக இறக்கிய இலக்கத்துக்கு நேர் மேலே எழுத வேண்டும். கட்டம் போட்ட தாள் இதற்கு மிக உதவும். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம்.

இங்கே வரும் பெரிய பிழை, ஈவில் பூஜ்ஜியத்தை விட்டுவிடுவது. 7.35 ÷ 7-இல் 7-இல் 7 ஒரு முறை. 3-ஐ இறக்குகிறோம். 3-இல் 7 போகாது. போகாது என்பதையும் எழுத வேண்டும். அந்த இடத்தில் 0 வரும். அடுத்து 5-ஐ இறக்கினால் 35, ஐந்து முறை. ஈவு 1.05. பூஜ்ஜியத்தை விட்டவருக்கு 1.5 வரும். ஓர் இலக்கத்தை இறக்கினால் மேலே ஓர் இலக்கம் எழுத வேண்டும்; அது 0 ஆனாலும்.

0.354 ÷ 6-இலும் இதே கவனம். ஒன்றுகள் இடத்தில் 0, புள்ளி, 3-இல் 6 போகாததால் 0, 35-இல் ஐந்து முறை, மீதி 5, 54-இல் ஒன்பது முறை. ஈவு 0.059.

மீதி வந்து, இறக்க இலக்கம் இல்லாவிட்டால் வகுபடும் எண்ணின் தசமக் கடைசியில் பூஜ்ஜியம் சேர்த்துக்கொண்டே போகலாம், மதிப்பு மாறாது. 7 ÷ 8 என்பதை 7.000 ÷ 8 என்று எழுதுங்கள்: 70-இல் எட்டு முறை மீதி 6, 60-இல் ஏழு முறை மீதி 4, 40-இல் ஐந்து முறை. ஈவு 0.875.

வகுக்கும் எண்ணே தசமமாக இருந்தால்

இப்போதுதான் நகர்த்தும் வேலை. 9.36 ÷ 0.24:

1. வகுக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். 0.24 முழு எண்ணாக மாற எத்தனை இடம் நகர வேண்டும்? இரண்டு.

2. இரண்டு எண்களிலும் புள்ளியை அதே இரண்டு இடம் வலப்பக்கம் நகர்த்துங்கள். 0.24 → 24, 9.36 → 936.

3. 936 ÷ 24 செய்யுங்கள். ஈவு 39.

4. அவ்வளவுதான். 39-ஐத் தொடாதீர்கள்.

நான்காவது படியில்தான் பெருக்கலின் நினைவு வந்து குறுக்கிடும். ‘ஈரிடம் நகர்த்தினோமே, திருப்பி வைக்க வேண்டாமா?’ என்று 0.39 என எழுதிவிடுவார்கள். வேண்டாம். வகுத்தலைப் பின்னமாக எழுதிப் பாருங்கள்: மேலே 9.36, கீழே 0.24. மேலும் கீழும் 100-ஆல் பெருக்கினால் 936-இன் கீழ் 24. பின்னத்தின் மதிப்பு மாறவில்லை, ஆகவே ஈவும் மாறவில்லை. பெருக்கலில் இரு எண்களையும் பெரிதாக்கியபோது விடையும் பெரிதானது, அதனால் குறைத்தோம். வகுத்தலில் இரண்டையும் ஒரே அளவில் பெரிதாக்கியபோது மேலிருக்கும் மடங்கும் கீழிருக்கும் மடங்கும் அடிபட்டுப் போயின. தீர்க்க வேண்டிய கடன் ஏதும் இல்லை.

வகுபடும் எண்ணில் இலக்கம் போதாவிட்டால் பூஜ்ஜியம் நிரப்புங்கள். 6 ÷ 0.015-இல் மூவிடம் நகர்த்த வேண்டும்: 6000 ÷ 15 = 400. 4.5 ÷ 0.036 என்பது 4500 ÷ 36 = 125.

வகுபடும் எண் முழு எண்ணாக வேண்டிய அவசியம் இல்லை. 0.0455 ÷ 0.7-இல் வகுக்கும் எண்ணுக்கு ஓரிடம் போதும்: 0.455 ÷ 7. அதன் பிறகு முன்பு சொன்னபடி புள்ளியை நேர் மேலே வைத்து வகுத்தால் 0.065. இரண்டு எண்களையுமே முழு எண்ணாக்க நினைத்து, முதலாவதை நான்கு இடமும் இரண்டாவதை ஓரிடமும் நகர்த்தி 455 ÷ 7 = 65 என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. நான்கு இடம் நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் இரண்டையும் நான்கு இடம் நகர்த்தி 455 ÷ 7000 என்று எழுதுங்கள். விடை சரியாக வரும், வேலைதான் கூடும்.

விடை பெரிதாக வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். 0.5 ÷ 0.25 என்றால் ‘அரைக்குள் எத்தனை கால் இருக்கிறது?’ என்ற கேள்வி. இரண்டு. ஒன்றை விடச் சிறிய எண்ணால் வகுத்தால் ஈவு எப்போதும் வகுபடும் எண்ணை விடப் பெரியது. 6-க்குள் 0.015 எத்தனை முறை அடங்கும் என்று நினைத்தால் 400 வியப்பாக இருக்காது.

மீதி கேட்டால் ஒரு விதிவிலக்கு

7.3 மீட்டர் கயிற்றை 0.4 மீட்டர் துண்டுகளாக வெட்டினால் எத்தனை துண்டு, எவ்வளவு மிச்சம்? 73 ÷ 4 என்று மாற்றினால் ஈவு 18, மீதி 1. துண்டுகள் 18 என்பது சரி. மிச்சம் 1 மீட்டர் என்று எழுதினால் தவறு. 1 மீட்டர் இருந்தால் இன்னும் இரண்டு துண்டு வெட்டலாமே. 0.4 × 18 = 7.2, மிச்சம் 0.1 மீட்டர்.

ஈவு இரு எண்களின் விகிதம் என்பதால் நகர்த்தல் அதைப் பாதிக்கவில்லை. மீதியோ வகுபடும் எண்ணின் ஒரு துண்டு. வகுபடும் எண்ணை 10 மடங்காக்கியபோது அதுவும் 10 மடங்காகிவிட்டது. ஆகவே மீதியை மட்டும், நகர்த்திய அதே இடங்கள் இடப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். பெரும்பாலான விளக்கங்கள் இதைத் தொடாமலேயே போய்விடுகின்றன; நடைமுறை அளவுக் கணக்குகளில் இது கட்டாயம் தேவை.

முடியாமல் நீளும் வகுத்தல்

2 ÷ 0.7 என்பது 20 ÷ 7, ஈவு 2.857142857142… என்று 857142 திரும்பத் திரும்ப வரும். பின்னத்தை முழுவதும் சுருக்கிய பிறகு கீழே உள்ள முழு எண்ணில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி எஞ்சியிருந்தால் வகுத்தல் முடியாது. 2.1 ÷ 0.6 முடியும், 21-இன் கீழ் 6 சுருங்கி 7-இன் கீழ் 2 ஆகிறது, விடை 3.5.

முடியாத கணக்கில் எத்தனை இடம் வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்கு ஓரிடம் கூடுதலாக வகுத்து நிறுத்துங்கள். இரண்டு இடம் வேண்டுமென்றால் 2.857 வரை போய், மூன்றாம் இடத்தில் 7 இருப்பதால் 2.86 என்று முழுதாக்குங்கள். இந்த ஈவை வைத்து மேற்கொண்டு கணக்கிட வேண்டியிருந்தால் நடுவில் முழுதாக்காதீர்கள். 2 ÷ 0.7 × 35-இன் சரியான விடை 100. நடுவில் 2.86 என்று நிறுத்தினால் 100.1, 2.9 என்று நிறுத்தினால் 101.5.

மதிப்பீடு

எண்ணி வைப்பதும் நகர்த்துவதும் கைவேலை. கை எப்போதாவது தவறும். மதிப்பீடு தனி வழியில் வருவதால் அந்தத் தவறைப் பிடித்துக்கொடுக்கும். 1970-களில் கையடக்கக் கணிப்பான் பரவும்வரை பொறியாளர்கள் நழுவுகோல் (slide rule) என்ற கணக்கிடும் கோலில்தான் பெருக்கி வகுத்தார்கள். அந்தக் கருவி இலக்கங்களை மட்டுமே காட்டும், 1.69, 16.9, 169 மூன்றும் அதில் ஒரே இடம்தான். புள்ளி எங்கே என்பதை, பயன்படுத்துபவர் மதிப்பிட்டே தீர்மானித்தார்.

மதிப்பிட ஒவ்வோர் எண்ணிலும் முதலில் வரும் பூஜ்ஜியமல்லாத இலக்கத்தை மட்டும், முழுதாக்கி, வைத்துக்கொண்டால் போதும். வகுத்தலில் எளிதில் வகுபடும் எண்களாகத் தேர்ந்துகொள்ளுங்கள்: 9.36 ÷ 0.24-ஐ 10 ÷ 0.25 என்று பார்த்தால் 40. கிடைத்த ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கிச் சரிபார்ப்பதும் நல்லது: 39 × 0.24 = 9.36.

கணிப்பானில் தட்டுபவர்களுக்கும் இது வேண்டும். 0.024 என்பதற்கு 0.24 என்று விரல் தவறினால் கருவி தவறான கணக்கைச் சரியாகச் செய்து தரும். சில நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவது வழக்கம். 2003-இல் கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடு இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்றது. ஆகவே வேறிடத்திலிருந்து வந்த பட்டியலில் 1,250 என்று கண்டால், அது ஆயிரத்து இருநூற்று ஐம்பதா, ஒன்றேகாலா என்பதை உறுதிசெய்துகொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.

பயிற்சி

விடையைப் பார்க்கும் முன் ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டை எழுதுங்கள்.

அ. 0.6 × 0.7
ஆ. 3.5 × 0.24
இ. 0.00042 × 0.003
ஈ. 24.36 ÷ 12
உ. 1.2 ÷ 0.05
ஊ. 0.0144 ÷ 1.2

அ: 0.42. உங்களுக்கு 4.2 வந்திருந்தால் ஓர் எண்ணின் இடத்தை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள்.

ஆ: 35 × 24 = 840, மூன்று இடம், 0.840, அதாவது 0.84. உங்களுக்கு 0.084 வந்திருந்தால் பூஜ்ஜியத்தை முன்கூட்டியே நீக்கிவிட்டீர்கள்.

இ: 42 × 3 = 126, இடங்கள் 5 + 3 = 8, விடை 0.00000126. இங்கே பூஜ்ஜியங்களை எண்ணாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ள எல்லா இலக்கங்களையும் சேர்த்து எட்டு இருக்கிறதா என்று எண்ணுங்கள். உங்களுக்கு 0.0000000126 வந்திருந்தால் எட்டுப் பூஜ்ஜியம் போட்டிருக்கிறீர்கள்.

ஈ: 2.03. உங்களுக்கு 2.3 வந்திருந்தால், 3-இல் 12 போகாத இடத்துப் பூஜ்ஜியம் விடுபட்டது.

உ: 120 ÷ 5 = 24. உங்களுக்கு 0.24 வந்திருந்தால் ஈவின் புள்ளியைத் திருப்பி நகர்த்திவிட்டீர்கள். 2.4 வந்திருந்தால் வகுபடும் எண்ணை ஓரிடம் மட்டும் நகர்த்தியிருக்கிறீர்கள்.

ஊ: 0.144 ÷ 12 = 0.012. உங்களுக்கு 0.12 வந்திருந்தால் புள்ளிக்கு அடுத்த 1-இல் 12 போகாததற்கான பூஜ்ஜியத்தை எழுதவில்லை. 12 என்று வந்திருந்தால் 0.0144-ஐ 144 ஆக்க நான்கு இடமும், 1.2-ஐ 12 ஆக்க ஓரிடமும் நகர்த்தியிருக்கிறீர்கள்.